புல்லட் ரயில் இருக்கட்டும், பட்டுக்கோட்டைக்கு ஒழுங்கா நாலு வண்டி விடுங்க

கடைமடையான் (இழையைத் தொடங்கியவர்) | சனி, இரவு 9.10

மூணு நாளா இங்க ஒரே கொண்டாட்டம். சென்னை-பெங்களூரு-மைசூரு அதிவேகப் பாதை வரப்போகுதாம், 435 கிலோமீட்டராம், ஒன்றரை மணி நேரத்துல பெங்களூராம். வரைபடத்தைப் போட்டு அம்பு விட்டு விளையாடுறீங்க. நல்லா இருங்க. எங்க ஊர்க் கதையைச் சொல்லிட்டுப் போறேன்.

2012 வாக்குல மீட்டர் கேஜ் பாதையை அகலப்படுத்துறோம்னு பட்டுக்கோட்டைக்கு வண்டியை நிறுத்தினாங்க. ஒரு காலத்துல கம்பன் எக்ஸ்பிரஸ் போன பாதை அது. அதுல படுத்துக்கிட்டே மெட்ராஸ் போன ஊரு, அப்புறம் ஏழு வருஷம் பஸ்ஸுல உட்கார்ந்துக்கிட்டே போச்சு. 2019 ஜூன்ல திருவாரூர்-காரைக்குடி முழுப் பாதையிலயும் வண்டி விட்டாங்க. அப்பாவுக்கு அப்ப 71 வயசு. முதல் வாரமே போகணும்னு வேட்டி துவைச்சு வச்சுட்டார். ரெண்டு பேரும் பட்டுக்கோட்டையில காரைக்குடிக்கு ஏறினோம்.

பாதை புதுசு, பெட்டி நல்ல பெட்டி. ஆனா லெவல் கிராசிங் கேட்டுல நிக்க ஆள் போடல. அதனால கேட் கீப்பரை வண்டியிலயே ஏத்திக்கிட்டுப் போனாங்க. ஒவ்வொரு கேட்டுக்கு முன்னாடியும் வண்டி நிக்கும். முன்பெட்டியில இருக்கிறவர் இறங்கி ஓடிப்போய் கேட்டைச் சாத்துவார். வண்டி மெதுவா தாண்டிட்டு மறுபடி நிக்கும். கடைசிப் பெட்டியில இருக்கிறவர் இறங்கி கேட்டைத் திறந்துவிட்டுட்டு ஓடி வந்து ஏறுவார். அடுத்த கேட்டுல திரும்பவும் இதே கூத்து. பேராவூரணிக்கு முன்னாடி ஒரு கேட்டுல சைக்கிள்ல நின்ன பையன் எங்களுக்கு டாட்டா காட்டினான். ரோடு பாதையை ஒட்டியே போகுது, அடுத்த கேட்டுக்கும் அவன்தான் முதல்ல வந்து நின்னான். அப்பா ஏழு கேட் வரைக்கும் எண்ணினார், அப்புறம் தூங்கிட்டார். திருவாரூரிலிருந்து காரைக்குடி 150 கிலோமீட்டர்தான். மொத்தப் பாதைக்கும் ஆறு மணி நேரத்துக்கு மேல ஆச்சு.

இதெல்லாம் நடந்தது மும்பை-அகமதாபாத் புல்லட் ரயிலுக்கு அடிக்கல் நாட்டி ரெண்டு வருஷம் ஆகப்போற நேரத்துல. அடிக்கல் 2017 செப்டம்பர் 14. 508 கிலோமீட்டர், அன்னைக்குச் சொன்ன மதிப்பு 1,08,000 கோடி. கிலோமீட்டருக்கு 212 கோடி சொச்சம். மதுரை-தேனி 75 கிலோமீட்டரை அகலப்பாதையாக்க ஆனது 500 கோடிக்குக் கொஞ்சம் மேல. அங்க ஒரு கிலோமீட்டர் போடுற காசுல இங்க மதுரையிலேருந்து உசிலம்பட்டிக்குக் கிட்டத்துல வரைக்கும் போயிடலாம்.

எனக்கு வேகத்து மேல கோபம் கிடையாது. மணிக்கு 320 கிலோமீட்டர்ல ஓடுற வண்டிக்குக் காசு இருக்கு, கேட்டைச் சாத்த ஆள் போடக் காசு இல்லைங்கிற கணக்குதான் புரியல.

---

சில்க்போர்டு சிக்னல் | சனி, இரவு 9.48

கடைமடை சார், கேட் கீப்பர் கதை படிச்சுச் சிரிச்சேன், அப்புறம் சிரிச்சதுக்கு வருத்தப்பட்டேன். ஆனா ரெண்டையும் ஏன் முடிச்சுப் போடுறீங்க?

நான் வெள்ளிக்கிழமைதோறும் பெங்களூருலேருந்து வாணியம்பாடி, மாசத்துக்கு ரெண்டு தடவை சென்னை. பொங்கல், தீபாவளின்னா ஆம்னி பஸ்காரன் என்ன கேட்கிறானோ அதுதான் ரேட்டு. ரயில்ல வெயிட்டிங் லிஸ்ட் 180. இருக்கிற பாதை நிரம்பி வழியுது. அதே பாதையில சரக்கு வண்டி, அதே பாதையில வந்தே பாரத், அதே பாதையில கேரளா போற வண்டி. அதிவேக வண்டிகளைத் தனிப்பாதைக்கு மாத்தினா பழைய பாதை உங்க பாசஞ்சருக்கும் எக்ஸ்பிரஸுக்கும் மிச்சமாகும். ஜப்பான்காரன் 1964ல டோக்கியோ-ஒசாகா போட்டது இதுக்காகத்தான்.

அடுத்தது காசு. மும்பை திட்டத்துல 81 சதவீதம் ஜப்பான் கடன். வட்டி 0.1 சதவீதம், 50 வருஷத் தவணை, முதல் 15 வருஷம் அசல் கட்ட வேண்டாம். அந்தக் காசு அந்தத் திட்டத்துக்குன்னு வந்தது. அதை எடுத்துப் பேராவூரணி கேட்டுல போட முடியாது. பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கினதால உங்க வீட்டுல கஞ்சிங்கிற மாதிரி இருக்கு உங்க வாதம்.

---

செஞ்சிக்கோட்டை | சனி, இரவு 9.55

கஞ்சியாவது ஊத்துங்கய்யா. திண்டிவனம்-திருவண்ணாமலை பாதை எங்க ஊரு வழியாத்தான் போகணும். எங்க அண்ணன் கல்யாணத்தப்போ அறிவிச்சாங்க. அண்ணன் மகன் இப்ப காலேஜ் போறான். திண்டிவனம்-நகரியும் அப்படித்தான், வந்தவாசி, செய்யாறு, ஆரணின்னு வரிசையா எல்லா ஊர்லயும் ஆள் காத்துக்கிட்டு இருக்கு. சில வருஷம் பட்ஜெட் புத்தகத்துல எங்களை மாதிரித் திட்டங்களுக்கு ஆயிரம் ரூபா ஒதுக்கியிருப்பாங்க. ஆயிரம் கோடி இல்லைங்க, வெறும் ஆயிரம் ரூபா. திட்டம் செத்துடலைன்னு காட்ட அது போதுமாம். அந்த ஆயிரத்துல அளக்கிற சங்கிலி கூட வாங்க முடியாது.

---

அரக்கோணம் அத்தை | சனி, இரவு 10.02

பின்தொடர.

---

பழைய கார்டு | சனி, இரவு 10.40

34 வருஷம் ரயில் கார்டா கடைசிப் பெட்டியில உட்கார்ந்து போனவன். இப்ப அந்த வேலைக்கு ட்ரெயின் மேனேஜர்னு பேர் வச்சிருக்காங்க. 2022ல பேர் மாத்தினாங்க, சம்பளம் மாத்தல. போகட்டும்.

தம்பி சில்க்போர்டு சொல்ற பாதை நெரிசல் நிஜம்தான், மறுக்கல. ஆனா நெரிசல் எதனால வருதுன்னு தெரிஞ்சுக்கணும். ஒரே பாதையில எல்லா வண்டியும் ஒரே வேகத்துல போனா ஒண்ணு பின்னால ஒண்ணா நெருக்கி விடலாம். எறும்பு போற மாதிரி. அதுக்கு நடுவுல 130ல போறது ஒண்ணை விட்டா, அது முன்னால போற வண்டியை இடிச்சுடக்கூடாதுன்னு நீளமா இடைவெளி விடணும். முன்னால போற பாசஞ்சரை ஏதாவது ஒரு ஸ்டேஷன்ல ஓரம்கட்டி நிறுத்தணும். வேகமா ஒரு வண்டி விட்டா மெதுவா போற ரெண்டு மூணு வண்டிக்கான இடம் போச்சு. வந்தே பாரத் போகட்டும்னு இருபது நிமிஷம் லூப்புல, அதாவது ஸ்டேஷன் ஓரப் பாதையில, உட்கார்ந்திருக்கிற பாசஞ்சர்ல ஏறிப் பாருங்க, ஜனம் என்ன பேசுதுன்னு காதுல விழும். இங்க எழுத முடியாது.

இன்னொண்ணு. வந்தே பாரத் 160ல ஓடத் தயாரான வண்டி. சென்னை-ஜோலார்பேட்டை பாதையில 130 வரைக்கும் ஓட்டலாம். ஆனா சென்னை-பெங்களூரு 360 கிலோமீட்டருக்கு நாலு மணி இருபது நிமிஷம் வாக்குல ஆகுது. வகுத்துப் பாருங்க, சராசரி 83. சென்னை-திருநெல்வேலி 650 கிலோமீட்டருக்கு ஏழே முக்கால் மணி சொச்சம். அதுவும் 83தான். 130ல ஓடுற வண்டி 83 ஆகிறது எங்கன்னா, வளைவு, பாலத்து மேல வேகக் கட்டுப்பாடு, ஊருக்கு நடுவுல கேட், ஸ்டேஷனுக்குள்ள பாதை மாறும்போது 30ல ஊர்றது, சிக்னலுக்கு வெளிய நிக்கிறது. இதையெல்லாம் ஒவ்வொண்ணா சரிபண்ணி சராசரியை 110 ஆக்கினீங்கன்னா சென்னை-பெங்களூரு மூணேகால் மணி நேரம். இதுக்கு ஜப்பான்காரன் வேண்டாம். தண்டவாளத்தைப் பராமரிக்கிற நம்ம பெர்மனென்ட் வே ஆளுங்க போதும். ஆனா வளைவை நிமித்தினதுக்கு யாரும் ரிப்பன் வெட்ட வரமாட்டாங்க. அதுதான் சிக்கல்.

---

சில்க்போர்டு சிக்னல் | சனி, இரவு 11.15

கார்டு சார், வணக்கம். உங்க கணக்குக்கு மறுப்பு இல்ல. நான் கேட்கிறது கடைமடை சாரோட கணக்கை.

மதுரை-தேனி கேஜ் மாத்தின வேலை. நிலம் ரயில்வேகிட்ட ஏற்கனவே இருந்தது. மண் கரை இருந்தது, ஸ்டேஷன் இருந்தது. அதை வச்சுக்கிட்டுப் புதுசா தூண் எழுப்பி, மும்பையில கடலுக்கு அடியில 7 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டுற திட்டத்தோட ஒப்பிட்டா எப்படி? வெண்டைக்காயையும் வீட்டுமனையையும் கிலோ கணக்குல நிறுத்த முடியுமா?

‘வட்டார ரயில்’னாலே மலிவுன்னு யார் சொன்னது? டெல்லி-மீரட் வட்டாரப் பாதை 82 கிலோமீட்டர், 30,274 கோடி. கிலோமீட்டருக்கு 369 கோடி. புல்லட் ரயிலுக்கு முதல்ல சொன்ன மதிப்பை விட ஒன்றரை மடங்குக்கு மேல! தமிழ்நாட்டு அரசே 2025-26 பட்ஜெட்ல சென்னை-விழுப்புரம், சென்னை-வேலூர், கோவை-சேலம்னு மூணு தடத்துக்கு அதே மாதிரி ரயிலுக்குச் சாத்தியக்கூறு ஆய்வுன்னு அறிவிச்சிருக்கு. அதையும் எதிர்ப்பீங்களா? இல்ல பேர்ல ‘புல்லட்’ இருந்தா மட்டும்தானா?

---

நாஞ்சிலான் | ஞாயிறு, காலை 6.30

எதுக்குங்க இவ்வளவு சூடு. எங்க பக்கத்துல நடந்ததைப் பாத்துக்கிட்டே இருந்தோம். திருவனந்தபுரம்-காசர்கோடு சில்வர்லைன்னு 530 கிலோமீட்டர், 200ல ஓடும், 63,941 கோடின்னு கேரளா அரசு சொல்லிச்சு. அந்தக் காசுக்கு முடியாதுன்னு நிதி ஆயோக் 1.26 லட்சம் கோடின்னு சொல்லிச்சு. மஞ்சக் கல்லை நட்டாங்க. ஜனம் பிடுங்கித் தோட்டுல போட்டுச்சு. 2022ல கோட்டயம் பக்கத்துல மாடப்பள்ளியில பொம்பளைங்களைப் போலீஸ் இழுத்துக்கிட்டுப் போனதை டிவியில பாத்திருப்பீங்க. டெல்லி மெட்ரோ கட்டின ஸ்ரீதரனே எதிர்த்தார். அவர் 2018லயே புல்லட் ரயில் வசதியானவங்களுக்குத்தான், சாதாரண ஜனத்துக்கு வேண்டியது சுத்தமான, பாதுகாப்பான, வேகமான ரயில்னு சொன்னவர்.

---

சில்க்போர்டு சிக்னல் | ஞாயிறு, காலை 8.05

அதே ஸ்ரீதரன் 2025ல கேரளாவுக்கு வேற ஒரு அதிவேகத் திட்டத்தைத் தயாரிச்சுக் கொடுத்தார் அண்ணே. அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

---

நாஞ்சிலான் | ஞாயிறு, காலை 8.20

சொல்லிட்டீங்கல்ல. சரி, ஒத்துக்கிறேன்.

---

கடைமடையான் | ஞாயிறு, காலை 10.30

சில்க்போர்டு தம்பி, கேஜ் மாத்தின கணக்கையும் புதுப்பாதைக் கணக்கையும் பக்கத்துல வச்சது என் தப்புதான். வாபஸ். வேற கணக்கு தர்றேன். தாம்பரம்-செங்கல்பட்டு மூணாவது பாதை, 30 கிலோமீட்டர், 590 கோடிக்குக் கொஞ்சம் மேல. கிலோமீட்டருக்கு 20 கோடி. ஊருக்கு நடுவுல, ஓடுற வண்டிக்குப் பக்கத்துல போட்ட பாதை. இதோட வச்சுப் பார்த்தாலும் பத்து மடங்கு வித்தியாசம். தெக்க இருந்து விழுப்புரம் வழியா மெட்ராஸ் வர்ற அத்தனை வண்டியும் அந்த 30 கிலோமீட்டரைத் தாண்டித்தான் வரணும். அங்க ஒரு பாதை கூடினா நாகர்கோவில்காரனுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

டெல்லி-மீரட் மாதிரித் தூண் மேல போறதை நான் கேட்கவே இல்ல. கோவை-திருப்பூர்-ஈரோடு-சேலம் பக்கம் அது தாங்கலாம், ஜனம் அவ்வளவு போகுது. நான் கேட்கிறது அதை விட ரொம்பச் சாதாரணமானது. ஒத்தைப் பாதையை இரட்டைப் பாதையாக்கு. வண்டி வண்டியைத் தாண்ட நடுவுல கிராசிங் ஸ்டேஷன் போடு. கேட்டுக்கு ஆள் போடு. ஒரு நாளைக்கு ஒரு வண்டிக்குப் பதிலா நாலு விடு. தஞ்சாவூர்-பட்டுக்கோட்டை, மன்னார்குடி-பட்டுக்கோட்டை பாதை ரெண்டும் சர்வேயோட தூங்குது, அதுல ஒண்ணையாவது எழுப்பு.

கடன் விஷயம். 0.1 சதவீதம்னு கேட்க இனிக்குது. ஆனா கடனை யென்ல வாங்கி யென்ல கட்டணும். 50 வருஷம் ரூபாய் எங்க போகும், யென் எங்க போகும்னு இப்பவே சொல்ற ஆள் இருந்தா நான் அவர்கிட்ட லாட்டரி நம்பர் கேட்பேன். மிச்சம் 19 சதவீதம் நம்ம காசு. மும்பை திட்டத்துக்கு மத்திய அரசு 10,000 கோடி பங்கு, குஜராத்தும் மகாராஷ்டிராவும் தலைக்கு 5,000 கோடி. அதே முறையில இங்க வந்தா தமிழ்நாடும் கர்நாடகாவும் பங்கு போடணும். அந்த 5,000 கோடி பக்கத்து வீட்டுக்காரன் காசு இல்ல தம்பி, நம்ம வீட்டுக் கஞ்சிப்பானை.

அடுத்தது தனிப்பாதை. புல்லட் பாதை 1435 மில்லிமீட்டர் கேஜ், அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல இருக்கிற அகலம். நம்மூர்ப் பாதை 1676. புல்லட் வண்டி காட்பாடியில இறங்கி வேலூர் வழியா விழுப்புரத்துக்குத் திரும்ப முடியாது. போடுற அன்னைக்கு எந்த ஊரு சேர்ந்ததோ அதோட முடிஞ்சது. அகலப்பாதையில போட்ட ஒவ்வொரு கிலோமீட்டரும் மொத்த வலைக்கும் சேருது. பாம்பன் புதுப் பாலம் 2 கிலோமீட்டர் சொச்சம், 550 கோடி. 2025 ஏப்ரல்ல திறந்த அன்னைக்கே தாம்பரத்துக்கு ராமேஸ்வரத்துலேருந்து வண்டி விட்டாங்க. எந்த வழியாப் போகுது தெரியுமா? அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி, திருவாரூர். கடல்ல பாலம் கட்டினாங்க, எங்க ஊருக்கு ராத்திரி வண்டி வந்துச்சு. அப்பா இருந்திருந்தா முதல் வாரமே வேட்டி துவைச்சு வச்சிருப்பார்.

---

பாலாத்து மணல் | ஞாயிறு, காலை 11.20

இதுவரிக்கும் படிச்சிக்கினு மட்டும் இருந்தேன். நான் ராணிப்பேட்டை மாவட்டம். எக்ஸ்பிரஸ் ஹைவேக்குன்னு சென்னை-பெங்களூரு 262 கிலோமீட்டர் ரோடு போடறாங்க இல்ல, அதுல எங்க மாமன் நெலம் முக்கா ஏக்கர் பூட்ச்சி. கெணறு அந்தாண்ட, நெலம் இந்தாண்ட. இப்ப தண்ணி பாய்ச்ச ரோட்டுக்கு அடியில பைப்பு போட பர்மிசன் கேட்டு ஒரு ஆபீசுக்கு ஒன்பது தடவ நடந்துட்டாரு. பழைய ரயில் பாதை ஏற்கனவே இருக்கு, நாலு வழி ரோடு இருக்கு, இப்ப எக்ஸ்பிரஸ் ரோடு. இதுக்கு மேல அதிவேக ரயிலுன்னா, சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவுல எங்க ஊருன்னு ஒன்னு இருக்கறதே உங்களுக்கு இடைஞ்சல்னு நெனைக்கிறேன்.

---

சில்க்போர்டு சிக்னல் | ஞாயிறு, மதியம் 12.10

மணல் அண்ணே, மாமா விஷயம் கஷ்டமா இருக்கு. ஆனா ரயில் தூண் மேல போகும், ரோடு மாதிரி ஊரை ரெண்டா வெட்டாது. மும்பை திட்டத்துல 508 கிலோமீட்டருக்கு 1,390 ஹெக்டேர்தான். கிணறு அந்தப் பக்கம் மாட்டிக்காது.

---

பாலாத்து மணல் | ஞாயிறு, மதியம் 12.18

தூணு எங்க நிக்கும் தம்பி? வானத்துலயா?

---

நிர்வாகி | ஞாயிறு, மதியம் 1.00

கட்சிப் பெயர் இழுத்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ரயில் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள்.

---

பேர்ண் தமிழன் | ஞாயிறு, மாலை 5.35

நான் சுவிஸில இருக்கிறன், யாழ்ப்பாணத்தான். உங்கட சண்டையை வாசிச்சுப்போட்டு எழுதாமல் இருக்க ஏலாமல் போச்சு. ஏனெண்டா இதே சண்டை இஞ்ச எண்பதுகளில நடந்தது.

பிரான்ஸ் 1981 இல டிஜிவி எண்ட அதிவேக ரயில் விட்டது. உடன இஞ்சயும் நாட்டைக் குறுக்கறுத்து ஒரு புது வேகப் பாதை போடுவம் எண்டு ஒரு திட்டம். பாதையில இல்லாத ஊர்ச் சனம் எங்களுக்கு என்ன லாபம் எண்டு கேட்டுது. கடைசியா அதை விட்டுப்போட்டு ‘ரயில் 2000’ எண்டு வேற திட்டம் கொண்டுவந்தாங்கள். 1987 இல சனத்தின்ர வாக்கெடுப்பில பாஸ். அதின்ர சுலோகம் என்னெண்டா, ஏலக்கூடிய அளவு வேகமாய் இல்லை, தேவையான அளவு வேகமாய்.

அந்தத் தேவையான வேகம் எவ்வளவு எண்டதைத்தான் நீங்கள் பாக்கவேணும். சூரிச்சில இருந்து பேர்ணுக்கு முன்னம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல. அதை 56 நிமிசமாக்கினாங்கள். ஏன் 40 ஆக்கேல்ல? தேவையில்லை. ஒரு மணித்தியாலத்துக்குள்ள வந்தால் காணும். எல்லாத் திசையில இருந்தும் வாற ரயில் முழு மணித்தியாலம் அடிக்க முன்னம் ஸ்டேசனுக்கு வந்து நிக்கும். சனம் மேடை மாறி ஏறும். மணி அடிச்ச கையோட எல்லா ரயிலும் வெளிக்கிடும். வெளியில மஞ்சள் பஸ் நிக்கும், மலைக் கிராமத்துக்கு அது போகும். இதுக்காகப் போட்ட பெரிய புதுப்பாதை 45 கிலோமீட்டர்தான், அதில 200 இல ஓடுது. 2004 டிசம்பரில ஒரே நாளில முழு நேர அட்டவணையையும் மாத்தினாங்கள். முதல் கட்டத்துக்கு 7.4 பில்லியன் பிராங் ஒதுக்கி 5.9 இல முடிச்சாங்கள். மிச்சம் வந்த ரயில் திட்டம் எண்டு நான் வேற ஒண்டும் கேள்விப்படேல்ல.

என்ர வீடு பேர்ணில இல்லை, உண்மையில ஒரு சின்ன ஊர். இரவு வேலை முடிஞ்சு வரேக்க ரயில் ரெண்டு நிமிசம் பிந்தினாலும் என்ர பஸ் நிண்டு ஏத்திக்கொண்டு போகும். அந்த ரெண்டு நிமிசத்துக்குத்தான் நான் வரி கட்டுறன்.

---

பழைய கார்டு | ஞாயிறு, மாலை 6.10

தம்பி, அந்த பஸ் நிக்கிற விஷயத்தைப் படிச்சு எழுந்து நின்னுட்டேன். நம்மூர்ல வண்டி பிளாட்பாரத்துல நுழையும்போது கனெக்ஷன் வண்டியோட கடைசி விளக்கு தெரியும் பாருங்க. அதை எத்தனை தடவை பாத்திருக்கேன். கண்ட்ரோலுக்கு போன் போட்டு அஞ்சு நிமிஷம் நிறுத்துங்கன்னு கெஞ்சியிருக்கேன். நேரத்துக்குக் கிளம்பினாங்கன்னு அந்த வண்டிக்குக் கணக்கு எழுதுவாங்க. விட்டுட்டு நிக்கிற அறுபது பேருக்குக் கணக்கே கிடையாது.

---

நகோயா ரிட்டர்ன் | ஞாயிறு, இரவு 8.00

ஜப்பானை ரெண்டு பக்கமும் இழுக்கிறதால ஒரு வார்த்தை. அங்க ஆறு வருஷம் வேலை பார்த்தேன். டோக்கியோ-ஒசாகா பாதை தங்கச்சுரங்கம், அதுல சந்தேகமே இல்ல. பழைய பாதை நிரம்பி மூச்சு முட்டினதாலதான் போட்டாங்க, சில்க்போர்டு சொன்னது சரி. ஆனா அதுக்கப்புறம் போட்ட பாதைகள்ல வேற ஒண்ணு நடக்குது. புது ஷின்கான்சென், அதாவது புல்லட் ரயில் பாதை, திறந்தா, அதுக்கு இணையா ஓடின பழைய உள்ளூர்ப் பாதையை ரயில் கம்பெனி கைகழுவி உள்ளூர் நிர்வாகத்து தலையில கட்டிடலாம். 1997ல நகானோ பாதை திறந்தப்போ பழைய பாதையில ஒரு பகுதியைத் தனிக் கம்பெனிக்கு மாத்தினாங்க. யோகோகாவா-காருயிசாவா நடுவுல இருந்த மலைப்பாதை 11 கிலோமீட்டரை ஒரேயடியா மூடிட்டாங்க. இப்ப அங்க பஸ். நான் போயிருக்கேன். யோகோகாவா ஸ்டேஷன்ல பாதை அப்படியே முடிஞ்சு நிக்குது, பக்கத்துல பழைய எஞ்சினையெல்லாம் வச்சு ரயில் பூங்கா. அழகாத்தான் இருக்கு.

---

சில்க்போர்டு சிக்னல் | ஞாயிறு, இரவு 8.50

இது எனக்குத் தெரியாது. நன்றி.

ஆனாலும் கேட்கிறேன். நம்மூர்ப் பாதை நிக்கிறதுக்கு காசு மட்டும்தான் காரணமா? நிலம் எடுத்துத் தர வேண்டியது மாநில அரசு. ரயில்வே மந்திரி நாடாளுமன்றத்துல ஒவ்வொரு தடவையும் தமிழ்நாடு நிலம் தரலைங்கிறார். மாநில அரசு, மத்திய அரசு காசு தரலைங்குது. வேளச்சேரி-பரங்கிமலை பறக்கும் ரயில் வெறும் 5 கிலோமீட்டர். ஆதம்பாக்கத்துல அரை கிலோமீட்டர் நிலத்துக்குப் பதினஞ்சு வருஷத்துக்கு மேல தூண் மட்டும் நின்னுச்சு. புல்லட் ரயிலை ரத்து பண்ணிட்டா ஆதம்பாக்கம் நிலம் வந்திருக்குமா?

---

செஞ்சிக்கோட்டை | ஞாயிறு, இரவு 9.05

இது நியாயமான கேள்வி. எங்க பாதைக்கும் ரெண்டு பக்கமும் விரல் நீட்டிக்கிட்டேதான் இருக்காங்க. நாங்க நடுவுல நிக்கிறோம்.

---

கடைமடையான் | ஞாயிறு, இரவு 9.40

வந்திருக்காது தம்பி. மாநில அரசை நான் காப்பாத்த வரல. ஆனா கவனிச்சுப் பாருங்க, புல்லட் ரயிலுக்கும் நிலம் தாமதமாச்சு, மகாராஷ்டிராவுல வருஷக்கணக்கா இழுத்துச்சு. 2023ல முடிக்கிறோம்னு சொன்னது, இப்ப சூரத் பக்கத்துத் துண்டே 2027ங்கிறாங்க. ஆனா அதைக் கைவிடல. அதுக்குன்னு தனிக் கம்பெனி, தனி அதிகாரி, வாரா வாரம் ஆய்வு, கோர்ட்டுல வாதாட வக்கீல். எங்க திருத்துறைப்பூண்டி-அகஸ்தியம்பள்ளி 37 கிலோமீட்டருக்கு அப்படிக் கேட்க ஆள் இல்ல. 294 கோடி வேலை அது. வேதாரண்யம் உப்பு லாரியில போய்க்கிட்டே இருந்துச்சு. 2023ல ஒருவழியா திறந்தாங்க. பெரிய திட்டம் காசை மட்டும் தின்னல, ஆளையும் அக்கறையையும் சேர்த்துத் தின்னுது.

அப்புறம் ஒண்ணை எழுத வேண்டாம்னுதான் நினைச்சேன். 2025 ஜூலை 8, கடலூர் செம்மங்குப்பம். ஸ்கூல் வேன் மேல விழுப்புரம்-மயிலாடுதுறை பாசஞ்சர் மோதி மூணு பிள்ளைங்க போயிட்டாங்க. அந்த கேட் சிக்னலோட இணைக்காத கேட். கேட்டைச் சாத்தினாத்தான் வண்டிக்குப் பச்சை விழும்கிற ஏற்பாடு அங்க இல்ல. அது புதுக் கண்டுபிடிப்பு ஒண்ணும் இல்ல, மத்த எத்தனையோ கேட்டுல இருக்கு. முந்தின வருஷம் கவரைப்பேட்டையில பாக்மதி எக்ஸ்பிரஸ் நின்ன சரக்கு வண்டி மேல ஏறுச்சு. அது நீங்க சென்னைக்கு வர்ற மெயின் லைன் மாதிரியே மெயின் லைன். மோதலைத் தடுக்கிற கவச் கருவிக்குப் பாதையோரச் செலவு கிலோமீட்டருக்கு 50 லட்சம்னு ரயில்வேயே சொல்லுது. நாட்டுல மொத்தம் 69,000 கிலோமீட்டர் பாதைன்னு வச்சுக்கிட்டா 34,500 கோடி. எஞ்சினுக்குத் தனி. புல்லட் ரயிலுக்கு முதல்ல சொன்ன மதிப்புல மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைய.

இந்தக் கணக்குல எங்கேயாவது தப்பு இருந்தா கார்டு சார் சொல்லட்டும், திருத்திக்கிறேன்.

---

பழைய கார்டு | ஞாயிறு, இரவு 10.15

எஞ்சினுக்கு ஒண்ணுக்கு 80 லட்சம் வரும். அதைச் சேர்த்தாலும் பாதியைத் தாண்டாது. காசோட, போடற வேகமும் பிரச்சினைதான், செய்யற கம்பெனிங்க கம்மி, டவர் நட்டு, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் கேபிள் இழுக்கணும். ஆனா கணக்கு சரி.

---

அரக்கோணம் அத்தை | ஞாயிறு, இரவு 10.22

நான் தினமும் அரக்கோணம்-சென்ட்ரல் மின்வண்டி, 22 வருஷமா. எனக்கு ரெண்டு பேர் சொல்றதும் புரியுது. பெங்களூரு ஒன்றரை மணி நேரத்துல போகும்னா சந்தோஷம்தான், வருஷத்துக்கு ஒரு தடவை போவேன். அரக்கோணத்துலேருந்து சென்ட்ரல் ஒண்ணே முக்கால் மணி நேரம் நின்னுக்கிட்டே போறது வருஷத்துக்கு 290 நாள். எதை முதல்ல செய்யணும்னு என் முழங்காலைக் கேளுங்க.

---

சில்க்போர்டு சிக்னல் | ஞாயிறு, இரவு 10.50

அத்தை, உங்க முழங்காலுக்கு நான் என்ன பதில் சொல்ல!

சரி. என் நிலை இது. சென்னை-பெங்களூருக்கு இன்னொரு இரட்டைப் பாதை கட்டாயம் வேணும், அதுல பின்வாங்க மாட்டேன். அது 320ல ஓடணுமா, தனி கேஜ்ல இருக்கணுமாங்கிறதுல நேத்து இருந்த உறுதி இன்னைக்கு இல்ல. அகலப்பாதையிலயே 160-200க்கு நாலு வழி போட்டா அரக்கோணம் மின்வண்டிக்கும் தனி இடம் கிடைக்கும், கேரளா வண்டியும் அதுலயே ஓடும். இதுக்கு என்ன செலவாகும்னு கார்டு சார் ஒரு தனி இழை போட்டா படிப்பேன்.

இன்னொண்ணு, இழைக்குச் சம்பந்தம் இல்லாதது. கடைமடை சார், என்கூட வேலை செய்யற பொண்ணுக்கு அடுத்த மாசம் பட்டுக்கோட்டையில கல்யாணம். நாங்க ஆறு பேர் பெங்களூருலேருந்து வரணும். ரயில்ல எப்படி வர்றது?

---

கடைமடையான் | ஞாயிறு, இரவு 11.05

வாங்க வாங்க. சாயங்காலம் மைசூருலேருந்து மயிலாடுதுறை வழியா கடலூர் போற எக்ஸ்பிரஸ் பெங்களூரு வரும், அதுல ஏறுங்க. விடியக்காலையில தஞ்சாவூர். டிக்கெட்டை இன்னைக்கே போட்டுடுங்க, முகூர்த்த மாசம்.

தஞ்சாவூர்ல இறங்கி பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடிங்க. அங்கேருந்து ஒன்றரை மணி நேரம், பஸ்தான்.